கொட்டகைக்குள் காட்டுமாடு

தலைச்சோலை,
12.11.2024

அன்புள்ள ஷெர்லினுக்கு,

நலமா? விடுதியில் போன் கூடாது என்பதால் எழுதுகிறேன். போன கடிதத்துக்கு நீ இரண்டு வரிதான் எழுதினாய். நர்சிங் படிப்பு அவ்வளவு கடினமா?

நீ விட்டுப்போன பேக்பைப் வாத்தியத்தை எஸ்டேட்டின் பழைய கொட்டகையில் வைத்து, காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் வாசிக்கிறேன். வீட்டில் தெரியாது. பள்ளி பேண்டில் நீ கற்றுத்தந்த ஸ்காட்லாந்து மெட்டுகளில் அந்த மெதுவானதுதான் எனக்கு உயிர். தோளில் சாய்ந்த மூன்று குழலும் ஒரே சுருதியில் இரைய, மெட்டு அதன்மேல் நடந்து போகும்போது விலாவெல்லாம் அதிரும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றதுகூட மறந்துவிடும்.

இப்போது பயம் பிடித்துவிட்டது. பனிமூட்டத்தில் அந்த இரைச்சலைக் கேட்டவர்கள், கன்று போட்ட காட்டுமாடு கொட்டகைக்குள் அடைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பெண்கள் அந்தப் பக்கம் பழம் பறிக்க வர மறுக்கிறார்கள். 24ஆம் தேதி ஞாயிறு பட்டாசு வீசி விரட்டப் போகிறார்கள். முன்னால் நிற்பது என் அப்பா. "நானிருக்கேன், பயப்படாத கண்ணு" என்று என்னிடமே சொல்கிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் சத்தமே வருவதில்லை. என்ன செய்யட்டும்?

உன்
சிவசக்தி

கோயம்புத்தூர்,
18.11.2024

சக்தி,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உடனே அப்பாவிடம் சொல். முடியாவிட்டால் ஞாயிறுக்குள் பைப்பை ஏற்காட்டில் என் அம்மாவிடம் கொடுத்துவிடு. அது என் மாமாவுடையது, ஒரு பொறி பட்டால் அதன் காற்றுப்பை போய்விடும். அதைவிட நீ முக்கியம். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய்.

ஷெர்லின்

தலைச்சோலை,
26.11.2024

அன்புள்ள ஷெர்லினுக்கு,

அப்பாவிடம் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் பைப்பை எடுத்துவரத்தான் போனேன். சாயங்காலம் வருவதாக இருந்தவர்கள், பனி இறங்குகிறதென்று நான் உள்ளே இருக்கும்போதே வந்துவிட்டார்கள்.

நாய்கள் குரைத்தன. சன்னலுக்கு வெளியே பட்டாசு வெடித்தது. 'அப்பா' என்று கத்தப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றைப் பைக்குள் ஊதினேன். குழல்கள் இரைந்ததும், "உள்ளதான் இருக்குது, போடுங்க" என்றார் பக்கத்து வீட்டுச் சின்னராஜ் அண்ணன். மெதுவான மெட்டை எடுத்தால் செத்தேன். பேண்டில் குதித்துக் குதித்து வாசிப்போமே, அந்த ஆட்ட மெட்டை எடுத்தேன். மாட்டுக்கு அது வராதல்லவா. விரல்கள் தப்பின, நிறுத்தவில்லை.

வெளியே பட்டாசு நின்றது. பிறகு சின்னராஜ் அண்ணன், "ஏனுங்க, மாடு டான்ஸ் பாட்டு வாசிக்குதுங்க" என்றார்.

கதவைத் தள்ளி அப்பா வந்தார். கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டார்.

"சாமி, ஒரு வார்த்த கத்தியிருக்கக் கூடாதா?"

"சத்தம் வரலீங்கப்பா."

"இத்தன சத்தம் வந்துதே?"

"இதுல மட்டுந்தானுங்க வருது."

அவர் திட்டவில்லை. நேற்று நான் கொட்டகைக்குப் போனபோது முன்னால் நடந்து, எதிரே வந்த பெண்களிடம் சொன்னார்: "ஓடாதீங்க. எம்புள்ள பேசப் போறா, அவ்வளவுதான்."

பைப்பை உன் அம்மாவிடம் கொடுக்கவில்லை. இப்போது அதைத் திருப்பிக் கேட்டுவிடாதே, ஷெர்லின். நீ கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது.

உன்
சிவசக்தி