அணில் கார்ட்டூனுக்காக ஒரு கடிதம்

கனகலக்ஷ்மி ஏழு வருஷமாக ஞாயிறுதோறும் விடாமல் பார்த்த அணில் கார்ட்டூன் சப்பென்று ஆகிவிட்டது. அதைக் கண்டித்து சேனலுக்கு அவள் எழுதிய கடிதத்தை, "பொம்மைப் படத்துக்கெல்லாம் புகாரா?" என்று கணவர் கணபதிராமன் நேற்றுக் கிழித்துப் போட்டார். இன்று காலை அவள் சாப்பாட்டு மேஜையில் சீட்டு எழுதி வைத்தாள்.

"15-6-98. ரசத்தை சூடு பண்ணிக்கோங்கோ. வெளியில போனா சாவியை பக்கத்தாத்து ஜயம்மா மாமிகிட்ட குடுத்துடுங்கோ. கடிதத்தை மறுபடியும் எழுதிட்டேன், தபாலாபீஸ் போறேன். முன்னெல்லாம் அந்த அணில் பயப்படும், தோத்துப்போய் அழும். இப்போ பழைய ஜோக்கையே சொல்லிண்டு எப்பவும் ஜெயிக்கறது. பாக்கறவாளை முட்டாள்னு நினைச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து அடியில் நுணுக்கி எழுதினாள்:

"மோர் ஃபிரிட்ஜ்ல இருக்கு. நீங்க கிழிச்சதுல மிஸஸ் கணபதிராமன்னு போட்டிருந்தேன். இதுல கனகலக்ஷ்மின்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."