ஆவி விட்ட குப்பை

திருவொற்றியூர்,
12-1-1952

அன்புள்ள செல்லக்கனிக்கு,

ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் இருமல் விட்டதா? மாமாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

குப்பைக் கிடங்கு மேஸ்திரியிடம் மகளை அனுப்ப மாட்டேன் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்குக் கோபம்தான். இருந்தாலும் நேற்று நடந்ததைக் கேள்.

காலையில் குப்பை போட்டு மூடின ஒரு குழி குபுகுபுவென்று புகைந்தது. தீப்பிடித்துவிட்டது என்று பதறி, தண்ணீர்க் குடத்தோடு ஓடினேன். இங்கே குப்பை பிரிக்கிற கெங்கம்மா என்னை மறித்தாள்.

"ஊத்தாத மேஸ்திரி! அது நெருப்பு இல்ல, ஆவி. உள்ளார வெந்துகினு கீது!"

கையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மாதிரி சுட்டது. அடுப்பும் இல்லை, விறகும் இல்லை செல்லக்கனி!

அப்புறம், மழைக்கு முன்னால் மூடின குழியைத் திறந்தார்கள். மீன் தலை, கல்யாண வீட்டு எச்சில் இலை, சாணி எல்லாம் என் கண் முன்னால் கொட்டினவை. ஒன்றையும் காணோம். கருகருவென்று மண்தான் இருந்தது. துளி நாற்றம் இல்லை. ஒரு பிடி அள்ளி வைத்துக்கொண்டேன்.

கொஞ்சம் கருப்பட்டியும் நம் வீட்டுப் பூசணி விதையும் அனுப்பு. குழி ஓரத்தில் போடுகிறேன். ஒருத்தனுக்கு ஒரு பூசணி அதிகம். காய்க்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும்.

குப்பை வண்டிகள் வந்துவிட்டன, நிறுத்துகிறேன். இதோடு ஒரு பொட்டலத்தில் அந்த மண்ணை மடித்து வைத்திருக்கிறேன். மோந்து பார்த்தே மண்ணுக்குத் தரம் சொல்கிறவர் மாமா. ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடு. எந்தத் தோட்டத்து மண் என்று அவரே கேட்கட்டும். அப்புறம் சொல்.

உன்,
வெள்ளத்துரை