தலைகீழ்ச் சேறு

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் உன் பைக்கை விலைக்குக் கேட்டார், அம்மா கொடுக்கவில்லை. "அவன் வந்து ஓட்டுவான்" என்று தினமும் துடைத்து வைக்கிறாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், அதனால் எழுதுகிறேன்.

உன் மாமா கிடைத்துவிட்டார்.

படகில் ஏறி ஓடிவிட்டார் என்று நீ சொன்னாயே, அதே மாமாதான், என் புருஷன். போன வருடம் அந்தப் பகலில் நடந்ததில் முன்பாதியை நான் என் கண்ணால் பார்த்தேன். இறால் பண்ணை முதலாளியின் ஆட்கள் அரிவாளும் மர அறுப்பு மெஷினுமாக அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்தார்கள். பின்னால் உன் பொக்லைன். முதலாளி கொடுத்த வேலை, நீ என்ன செய்வாய் என்றுதான் அப்போதும் நினைத்தேன். எங்கள் ஆய்வு நிலையத்தின் படகுக்காரர் என்ற உரிமையில் மாமா வண்டிக்கு முன்னால் போய் நின்றார். கடப்பாரையால் அவர் முட்டியில் ஒரு போடு போட்டார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவர் ஒருவன் காலைப் பிடித்து இழுத்து அவன் முகத்தைச் சேற்றில் அமுக்கினார். இன்னொருவன் துடுப்பைத் தூக்கி அவர் நெற்றியில் இறக்கினான். நான் சேறு எடுக்கும் இரும்புக் குழாயோடு ஓடினேன். துடுப்புக்காரன் தாடையில் வீசினேன். பல் தெறித்து விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதுக்கு இனிக்கிறது, பொய் சொல்வானேன். அப்புறம் பின்மண்டையில் எனக்கு அடி விழுந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். "மாமா படகை எடுத்துக்கிட்டு ஓடிட்டாருக்கா, பயந்துட்டாரு போல" என்றாய். உடைந்த முட்டியோடு எப்படி ஓடினார் என்று கேட்டேன். "நொண்டிக்கிட்டேதான்" என்றாய். நம்பினேன். சொன்னது நீ ஆயிற்றே. ஊரில் ஆளாளுக்கு அவரை ஓடுகாலி என்றார்கள். கோபத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். நீ அடுத்த வாரமே முதலாளி பிடித்துக் கொடுத்த வேலைக்கு விமானம் ஏறினாய்.

பண்ணைக்கு நீதிமன்றம் தடை போட்டது உனக்குத் தெரிந்திருக்கும். தோண்டிப் போட்ட இடத்தில் மறுபடி கன்று நட வேண்டும். அதற்கு முன் அங்கே சேற்றில் எவ்வளவு கரி, அதுதான் கார்பன், மிச்சம் இருக்கிறது, எவ்வளவு காற்றோடு போய்விட்டது என்று அளக்க எங்களை அனுப்பினார்கள். உனக்கு இந்தப் பேச்சே சலிப்பு. "உன் சேறு எதைப் போட்டாலும் தின்னுடும்க்கா" என்று கிண்டல் செய்வாய். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மேலே விழும் இலையைத்தான் நண்டு இழுத்துப் போய்த் தின்னும். நண்டு விட்டதை நுண்ணுயிர்கள் அரைத்து உரமாக்கும், அது வேருக்கும் மீன்குஞ்சுக்கும் போகும். ஆழத்தில் காற்று கிடையாது. அங்கே போனது லேசில் மக்காது. நூறு வருடத்து வேர்கூட தன் கரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். நீ ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாய்.

குழாயை இறக்கி இழுத்தேன். எப்போதும் மேலே பழுப்பாகப் புது இலையும் வேரும் இருக்கும், கீழே போகப் போகப் பழைய சாம்பல் சேறு வரும். அன்றைக்கு மேலே சாம்பல், அடியில் இலை. கூட இருந்த பெண் "தலைகீழா பிடிச்சிட்டோமா மேடம்?" என்றாள். குழாய் சரியாகத்தான் இருந்தது. கடல் அப்படிப் புரட்டாது. மண்வெட்டி அவ்வளவு ஆழம் போகாது. பொக்லைன் வாளிதான் அடியில் இருப்பதை அள்ளி மேலே கவிழ்க்கும். பக்கத்திலேயே இன்னொரு தடவை இறக்கினேன். குழாயின் நுனியில் நீலக் கட்டம் போட்ட துணி வந்தது, ஒரு பொத்தானோடு. வெள்ளை நூல் தீர்ந்துபோய் நான் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த பொத்தான்.

போலீஸ் வந்து தோண்டியது. வேறு இடமாக இருந்தால் எலும்புதான் கிடைத்திருக்குமாம். உன் மாமாவுக்கு முகம் இருந்தது. நெற்றியில் துடுப்பு பிளந்த இடம்கூட இருந்தது. பிணவறைச் சுவரில் நான் என் தலையை மோதினேன், ரத்தம் வழிந்து கண்ணை மறைக்கும்வரை மோதினேன். டாக்டர் என்னைப் பிடித்து உட்கார வைத்து, அவர் மூச்சுக்குழாய்க்குள் நுரையீரல்வரை சேறு இருந்ததாகச் சொன்னார். "மூடுறப்போ மூச்சு இருந்திருக்கும்மா" என்றார்.

டேய், உன்னை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிய கை இது. இந்தக் கையால் உன் கழுத்தை நெரிப்பதாகக் கனவு வருகிறது. விழித்த பிறகும் கை இறுகியே இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "போனவன் போயிட்டான், இருக்கிறவனையாவது விடு" என்று என் காலில் விழுந்தாள். பெற்றவள் என் காலில் விழுந்தாளடா. நான் காலை உதறியதில் அவள் கதவில் மோதிக் கன்னம் வீங்கிவிட்டது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பேச்சு இல்லை.

பொக்லைன் ஓட்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முதலாளியின் ஆட்கள் எல்லோரும் தெரியாது என்று சாதித்துவிட்டார்களாம். பார்த்தவள் நான் ஒருத்திதான். சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், நீ இருக்கும் இடத்தையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வந்து இதை எழுதுகிறேன்.

அவர்கள் பிடித்து இழுத்து வரும்முன் நீயாகப் புறப்பட்டு வா. வக்கீல் சொல்லிக் கொடுப்பதை நீதிமன்றத்தில் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். அதற்கு முன் என் முகத்தைப் பார்த்து ஒன்று மட்டும் சொல். வாளியைக் கவிழ்த்தபோது அவர் அசைந்தாரா? அசையவில்லை என்றால் நம்புகிறேன், உன்னை நம்பித்தானே எனக்குப் பழக்கம். அசைந்தார் என்றால் அதையும் என்னிடம் சொல்லிவிடு. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

பார்த்து வா. நேரத்துக்குச் சாப்பிடு. வந்து சேரும்வரை உனக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா