நான்கு, நான்கு, ஐந்து, நான்கு

ஜூன் 10, செவ்வாய்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். என் அம்மாவிடம் வேண்டாம். இன்ஸாஃப் சித்தியிடம் வேண்டவே வேண்டாம். படிக்காமல் இருக்க முடியாவிட்டால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பூகோள நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தங்கை தூங்கிவிட்டாள். போன் வெளிச்சம் போர்வைக்கு வெளியே தெரியாது.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். ஆலிவ் ஆலைக்கு மேல்மாடியில் இருக்கும் மருந்தகத்தை என் அம்மாதான் கூட்டித் துடைக்கிறாள். சாவி எங்கள் வீட்டில் இருக்கும். மருந்து எல்லாம் சிட்னிக்குப் போய்விட்ட எங்கள் ஊர்க்காரர்கள் அனுப்புவது. சூடு பட்டால் வீணாகிவிடும் என்பதால் இன்சுலின் மட்டும் பெட்டியில் வராது. ஊருக்கு வருகிறவர்கள் யாராவது ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியாகக் கொண்டுவந்தது சிட்னியில் இருக்கும் ஹாஜி ஷௌகியின் மருமகள். இருபத்துநான்கு குப்பிகள். விமானத்தில் தூங்கவே இல்லையாம், பிளாஸ்க் சாய்ந்துவிடும் என்று.

என் வேலை சின்னது. தினமும் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து, கதவில் ஒட்டிய தாளில் எண்ணை எழுத வேண்டும். வாரம் ஒருமுறை அந்தத் தாளைப் படம் எடுத்து சிட்னிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் இரண்டு வரியோடு போட வேண்டும்.

ஈதுப் பெருநாளுக்கு முந்தின நாள், வியாழன் சாயங்காலம், முடியை நேராக்கிக்கொள்ள மருந்தகத்துக்குப் போனேன். எங்கள் வீட்டு சோலாரில் அந்த மெஷின் சூடாகாது. மருந்தகத்தில் ஜெனரேட்டர் கரண்ட் இருக்கிறது, ஆனால் ஐந்து ஆம்பியர்தான். மெஷினைச் சொருகியதும் டப்பென்று எல்லாம் அணைந்தது. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைத் தூக்கினேன். முடி நன்றாக வந்தது.

பிளக்கைத் திரும்பச் சொருகவில்லை.

ஈது நான்கு நாள். மருந்தகம் பூட்டி இருந்தது. தகரக் கூரை, ஜன்னல் எல்லாம் அடைப்பு. இன்று காலை போய்த் திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் முப்பத்தொன்பது டிகிரி. குப்பியைத் தொட்டேன். டீ ஆறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

சொருகினேன். மதியத்துக்குள் ஐந்துக்கு இறங்கிவிட்டது. தாளில் நான்கு கட்டம் காலியாக இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு, நான்கு, ஐந்து, நான்கு என்று எழுதினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் நடுவில் ஐந்து.

ஜூன் 11, புதன்

தாளைக் குழுவில் போட்டேன். பதினேழு இதயம். ஹாஜி ஷௌகி குரல் செய்தி அனுப்பினார்: "ஈது நாள்ல கூட விட்டுக் குடுக்கல பாருங்க நம்ம பொண்ணு. இந்தத் தாளை இங்க பள்ளிவாசல்ல பிரேம் போட்டு மாட்டணும்."

இன்று இன்சுலின் கொடுக்கும் நாள். ஆறு பேர்தான் வாங்குகிறார்கள். இன்ஸாஃப் சித்தி கொடுத்தாள். அவள் எனக்குச் சொந்தச் சித்தி இல்லை, ஊருக்கே சித்தி. நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று வந்தவள். சிட்னிக்காரர்கள் அனுப்புவதில்தான் அவள் சம்பளமும் அம்மாவின் சம்பளமும்.

"அபூ ரியாத், சட்டையைத் தூக்குங்க, பாக்கலாம். எங்க குத்துறீங்க?"

"குத்துறதுக்கு எங்க எடம் இருக்கு சித்தி? வயிறு பூரா சல்லடை."

"அவ்வளவு பெரிய வயித்துல எடம் இல்லையா? வாடகைக்கு விடலாம் போல இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கின்வாவும் வரிசையில் நின்றாள். அவள் என் வகுப்பு, என் பெஞ்சு. ஏழு வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிறாள். இரண்டு குப்பி வாங்கிக்கொண்டு, "உன் முடி நல்லாருக்குடி," என்றாள்.

குப்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தன. ஜில்லென்றுதானே இருக்கின்றன?

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 14, சனி

கின்வா வீட்டில் கணக்குப் படித்தோம். தேர்வு திங்கட்கிழமை. ஒரு மணி நேரத்தில் ஒரு ஜாடித் தண்ணீரைக் குடித்துவிட்டாள். நான்கு முறை எழுந்து போனாள். அவள் அம்மா நஜ்லா மாமி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பலகார டப்பால ஏழு குறையுது. பேரீச்சம்பழம் வச்சது."

"நான் எடுக்கலம்மா."

"பின்ன பூனையா எடுத்துச்சு?"

மாமி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கின்வாவின் தம்பிகள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் சட்டையில் மாவுச் சர்க்கரை.

மாமி போனதும் கின்வா சொன்னாள், "நான் ஒண்ணுகூட தின்னலடி. சத்தியமா. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

"நான் நம்புறேன்."

"நீ ஒருத்திதான்."

வீட்டுக்கு வந்து பருப்புச்சோறு சாப்பிட்டேன். அம்மா உப்பு அதிகமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சொன்னால் என்ன ஆகும்? மலைமேல் இருக்கும் ஒரு ஊரில் மருந்தை யாரோ விற்றுவிட்டார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் இப்போது இங்கே வந்து கெஞ்சுகிறார்கள். நாங்கள் எங்கே போய்க் கெஞ்சுவது?

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். இது நடந்ததிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறேன்.

ஜூன் 16, திங்கள்

கணக்குத் தேர்வு. கின்வா பாதியில் தலையை மேசையில் வைத்துவிட்டாள். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நிமிர்ந்து ஒரு வரி எழுதினாள், மறுபடி படுத்துவிட்டாள்.

சாயங்காலம் சித்தி ஆறு பேரையும் வரச்சொல்லி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஒருவருக்குக்கூட முந்நூறுக்குக் கீழே இல்லை. கின்வாவுக்கு நானூற்றுப் பத்து. சித்திக்கு வந்ததே கோபம்.

"ஊரே பலகாரத் தட்டுல விழுந்து கிடக்குதா? அங்க ஒருத்தி ராத்திரி பூரா தூங்காம மடியில வச்சுக் கொண்டாந்து குடுக்குறா. நீங்க இங்க தின்னு தீக்குறீங்க!"

"ஒரே ஒண்ணுதான் சித்தி," என்றார் அபூ ரியாத்.

"போன ஈதுக்கும் இதே ஒண்ணுதான்! அந்த ஒண்ணு என்ன, தலையணை அளவா?"

போன ஈதுக்கும் எல்லாருக்கும் ஏறித்தான் இருந்தது. ஒவ்வொரு ஈதுக்கும் ஏறும். அதனால் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. தின்னாதவர்கள்கூடத் தின்றதாக ஒப்புக்கொண்டார்கள்.

கின்வா மட்டும், "நான் தின்னல," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். சித்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தாள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் படித்தாள். அந்த விரல் வெள்ளிக்கிழமையில் நின்றது. சனியில் நின்றது. நான் அவள் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃபிரிட்ஜ்ல ஒரு குறையும் இல்ல," என்றாள். "என் ஹனீன் எழுதினது."

எல்லாருக்கும் அளவைக் கூட்டிக் கொடுத்தாள். அதே குப்பியிலிருந்துதான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. பக்கத்தில் அம்மா வாளியோடு நின்றாள். என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

கின்வா பள்ளிக்கு வரவில்லை. அவள் இடத்தில் என் பையை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

அவள் வீடு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வாசலில் நின்றால் உள்ளே மாமி திட்டுவது கேட்டது. "யார் வீட்டுல தின்ன, சொல்லித் தொலை. ஹனீன் வீட்டுலயா?"

ஜூன் 18, புதன்

சாயங்காலம் ஏழு மணிக்குக் கின்வாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாந்தி எடுத்து எடுத்து மயங்கிவிட்டாள். ஜெனரேட்டர்காரர் அபூ நிஸார் தன் பிக்கப்பைக் கொண்டுவந்தார். எங்கள் மருந்தகத்துக்கு ஆம்புலன்ஸும் அவர்தான். பின்னால் மெத்தை விரித்து, நஜ்லா மாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கின்வா ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். சித்தி குனிந்து அவள் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "பழ வாடை அடிக்குது, சர்க்கரை தலைக்கேறிடுச்சு. கிளம்பு, கிளம்பு," என்றாள்.

பிறகு ஒன்று செய்தாள். என்னிடம் சொன்னாள், "ஹனீன், ஓடிப் போய் ரெண்டு குப்பி எடுத்துட்டு வா. ஆஸ்பத்திரியில இன்சுலின் இருக்கோ இல்லையோ, நம்மளுது கையில இருக்கட்டும்."

நான் ஓடினேன். எடுத்தேன். ஐஸ் போட்டேன். மாமியின் கையில் கொடுத்தேன். அவள், "அல்லாஹ் உனக்கு நல்லது குடுப்பான் கண்ணு," என்றாள். வண்டி போய்விட்டது. மற்ற ஐந்து பேர் இருக்கிறார்களே என்று சித்தி கூடப் போகவில்லை.

நான் ஏன் கொடுத்தேன்? ஓடச் சொன்னார்கள், ஓடினேன். அவ்வளவுதான் தெரிகிறது. ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். இப்போது மணி எட்டேகால். வீட்டில் எல்லாரும் முன்னறையில் டிவி பார்க்கிறார்கள்.

எழுதிக்கொண்டிருந்தால் போதாது.

8.31. சித்திக்கு அனுப்பிவிட்டேன். "கின்வாவுக்கு அந்தக் குப்பியைப் போடாதீங்க. ஃபிரிட்ஜ் ஈது முழுக்க நின்னு போயிருந்துச்சு. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

நீல டிக் வந்துவிட்டது.

8.33. "எந்த நாள்லேருந்து?" என்று கேட்டாள். அது மட்டும்தான். வியாழன் சாயங்காலத்திலிருந்து செவ்வாய் காலை வரை என்று எழுதினேன்.

"அந்தத் தாள்?"

"பொய். ஒரே நேரத்துல எழுதினது."

படித்துவிட்டாள். முன்னறையில் அம்மா எதற்கோ சிரிக்கிறாள். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

9.05. சித்தியிடமிருந்து: "நஜ்லாகிட்ட பேசிட்டேன். அங்கேயே இன்சுலின் இருந்துச்சு. ஏத்துறாங்க. நம்மளுது போடல. இன்னும் கண்ணு முழிக்கல."

நான்கைந்து தடவை படித்தேன். நம்மளுது போடல. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

9.20. சிட்னி குழுவிலும் போட்டுவிட்டேன். ஆங்கிலத்தில். என் பெயரோடு. அங்கே இப்போது விடிந்திருக்காது. சித்தியின் மீது தப்பில்லை, அம்மாவுக்குத் தெரியாது என்றும் எழுதினேன். "முடி" என்ற சொல்லை மட்டும் எழுத முடியவில்லை. பிறகு அதையும் எழுதினேன்.

9.24. சித்தி மறுபடி: "இன்னும் அஞ்சு வீடு இருக்கு. ராத்திரி ஊசி போடறதுக்குள்ள போகணும்."

நான் என்ன பதில் எழுதுவது? சரி என்றா?

கதவு தட்டுகிறார்கள்.

அம்மா போய்த் திறந்துவிட்டாள். "வா சித்தி, கின்வா எப்படி இருக்கா? உக்காரு." சித்தி உட்காரவில்லை போலிருக்கிறது. "ஹனீனைக் கூப்பிடு. என்கூட வரணும்."

"இந்நேரத்துல அவ எதுக்கு?"

சித்தி சொல்லவில்லை. அம்மா திரும்பக் கேட்கிறாள். சித்தி இன்னும் சொல்லவில்லை. என்னையே சொல்லச் சொல்லித்தான் நிற்கிறாள். இதோ