பெரிய திரையில் அம்மா

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா ஏன் என்னோடு பேசுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பள்ளியிலிருந்து எங்களை உள்விளையாட்டு அரங்கத்துக்குக் கூடைப்பந்து பார்க்க அழைத்துப் போனார்கள். இடைவேளையில் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் பாட்டைப் போட்டு, "அக்கா, மாப்போட ஒரு ஆட்டம் போடுங்க!" என்றார். அவளுடைய மேலாளர் முறைத்ததால் அம்மா ஆடினாள். அரங்கமே சிரித்தது.

என்னைக் கண்டதும் அம்மா கையசைத்தாள். கேமரா என்னிடம் திரும்பியது. அறிவிப்பாளர் ஓடிவந்து மைக்கை நீட்டினார்.

"பாப்பா, உங்கம்மாவா?"

தோழிகள் என்னையே பார்த்தார்கள்.

"இல்ல, எங்க வீட்டு வேலைக்காரம்மா."

பெரிய திரையில் என் முகம். அம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

"மொதலாளி வீட்டுப் பொண்ணு பாக்குதுக்கா, நல்லா ஆடுங்க!" என்றார் அறிவிப்பாளர்.

அம்மா மறுபடியும் ஆடினாள்.

போட்டி முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் அவளுக்காகக் காத்திருந்தேன். வரிசை வரிசையாக இருக்கைகளைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள்.

"எந்திரிங்க பாப்பா, தொடைக்கணும்" என்றாள்.

எழுந்தேன். துடைத்துவிட்டுத் திரும்பாமல் போனாள். பிறகு விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்