முப்பத்திரண்டு மணி நேரக் கெடு

மார்ச் 4, திங்கள்

மருமகள் தன் அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரிக்கிறாள்: "அத்தை நாற்காலியில உக்காந்தபடியே விமானம் ஓட்டுறாங்க!"

தவறு. ஓட்டவில்லை. பயணியாக உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்து முதல் இரவு ஏழு இருபது வரை. போக வேண்டிய இரண்டு விமானங்களில் நீளமானது பதினான்கு மணி இருபது நிமிடம். முன்பு இரத்த உறைவு வந்த கால் அதைத் தாங்காது என்கிறான் மகன். தாங்கும் என்று காட்டினேன்.

பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என் மகளுக்கு மூளையில் கட்டி. இருபத்தொன்றாம் தேதி அறுவை.

மார்ச் 5

கால் வீங்கிவிட்டது. செருப்பு ஏறவில்லை. காலுறைக்குள் மறைத்திருக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் மகன் கேட்டான்: "கால் கிடக்கட்டும்மா. அவ உன்னைக் கூப்பிட்டாளா?"

இல்லை. ஆறு வருடமாகப் பேச்சில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. என் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போனார். காலை எட்டு மணிக்கு அவளுக்குச் சொன்னேன். அடக்கம் மறுநாள் மாலை நான்குக்கு. முப்பத்திரண்டு மணி நேரம் கொடுத்தேன். வாசலுக்கு வாசல் பயணம் முப்பது. மனம் இருந்தால் வந்திருப்பாள். வியாழன் காலை ஒன்பதரைக்கு வந்து நின்றாள். "எல்லாம் முடிஞ்சப்புறம் யாரைப் பாக்க வந்தே?" என்றேன். பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனாள்.

மார்ச் 7

பயணச்சீட்டு போடுகிறவரிடம், திரும்பி வருவதற்கும் நேரம் கேட்டேன்.

"அங்கேருந்து தினம் ஒரே விமானம்தாம்மா. ராத்திரி பத்துக்கு. அதை விட்டா மறுநாள்தான்."

"எத்தனை வருஷமா?"

"நான் இந்த நாற்காலிக்கு வந்து பத்து வருஷம். அப்பவும் இதேதான்."

"வேற வழி?"

"சுத்திக்கிட்டு வரலாம். இதைவிட லேட்டாகும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இங்கே காலை எட்டு என்றால் அங்கே முந்தின இரவு ஒன்பதரை. நான் சொல்லி முடித்தபோது அன்றைய விமானத்துக்கு அரை மணிகூட இல்லை. அடுத்தது கிளம்பும்போது இங்கே புதன் காலை எட்டரை. ஏறியபின் வாசல்வரை இருபத்தைந்து மணி நேரம் என்றால்—

வியாழன் காலை ஒன்பதரை.

மறுபடியும் கூட்டினேன். அதேதான். ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் வந்திருக்கிறாள்.

பள்ளியில் சிஸ்டர்கள் என் கணக்கு நோட்டை வகுப்புக்கே காட்டுவார்கள். அப்படிப்பட்டவள் இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தேனா? அய்யோ, பெத்தவ கேக்கிற கேள்வியா அது? அப்பாவைப் பறிகொடுத்துட்டு ஓடி வந்த பிள்ளைகிட்ட? ஆறு வருஷம். இன்னும் பதினாலே நாள். நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 8

படம் பிடித்து அனுப்பச் சொல்லி மகனிடம் கொடுத்த கடிதத்தின் நகல்:

"அப்பாவின் அடக்கத்துக்கு நீ வந்து சேர்ந்திருக்கவே முடியாது. கணக்குப் பார்க்காமல் உன்மேல் பழி போட்டேன். வாசலில் நான் கேட்டது பெரும் தவறு. என் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. அது என் கவலை. பதினேழாம் தேதி கிளம்பினால் அறுவைக்கு முன் உன் பக்கத்தில் இருப்பேன். வரலாமா, வேண்டாமா? அண்ணனிடம் சொல்லி அனுப்பாதே; எனக்கு நோகாமல் மாற்றிச் சொல்வான். உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு."