வலது பக்கம் மட்டும்

அன்புள்ள ஊசி அத்தைக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக, உங்கள் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் அம்மாவுக்கு. பேசினால் அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன்.

அம்மா அனுப்பிய படங்கள் வந்தன. ஒட்டகச்சிவிங்கி வண்டிக்குள் எட்டிப் பார்ப்பது உங்கள் தலைமை நர்ஸ் ரவுண்ட்ஸ் வருவது போலவே இருக்கிறதாம். வார்டு தோழிகள் எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பியில் நிற்கும் படத்தில் அம்மா வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடி வரை போய்த்தான் அப்படிச் சிரிக்க முடிந்திருக்கிறது அவளுக்கு.

அத்தை, அப்பாவுக்கு வாய் இடது பக்கமாகத் தொங்கிவிட்டது. இன்று காலையில் காபி ஓரமாக வழிந்தது. பிறகு டம்ளரே கையிலிருந்து நழுவியது. நர்ஸ் பெற்ற பெண்ணுக்கு இது என்னவென்று தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன். போனால் டிப்போவுக்குத் தெரிந்துவிடும், இனி பஸ் ஓட்ட விடமாட்டார்கள் என்றார். பக்கத்து வீட்டு மாமாவும் அதே டிப்போவில் கண்டக்டர் என்பதால் அங்கேயும் போகக் கூடாதாம்.

"உங்கம்மா ஆயுசு பூரா அடுத்தவங்க கட்டில் பக்கத்துலயே நின்னவ. இந்த ஒரு தடவ யானையப் பாத்துட்டு வரட்டும். நீ வாயத் தொறக்காத, என் மேல சத்தியம்" என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

மாலையில் அம்மா வீடியோவில் வந்தாளே, அப்போது அப்பா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது நான் உட்காரவைத்தது. வலது பக்கம் மட்டும் தெரியும்படி விளக்கைக்கூட நகர்த்தினேன். பல்வலி, அதனால்தான் பேசவில்லை என்று நானே சொன்னேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல் என்று அம்மா சொன்னாள். அப்பா தலையாட்டினார். போனை வைத்த பிறகு, "கெட்டிக்காரி" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். வலது கையால்.

இந்த நோய்க்கு முதல் சில மணி நேரம்தான் எல்லாமே என்று அம்மா யாரிடமோ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அது எப்போதோ போய்விட்டது. இனியும் ஏதாவது செய்ய முடியுமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சத்தியத்தை மீறி மாமாவை எழுப்புவேன். அம்மாவிடம் மட்டும் வேண்டாம். ஊர் திரும்பும் வரை அவள் சிரித்துக்கொண்டு இருக்கட்டும். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், நீங்கள்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான் இருக்க வேண்டும். ஆனால் கூப்பிடவில்லை. சத்தம் கதவின் அடியிலிருந்து வருகிறது அத்தை, தரையை ஒட்டி.

அம்மாவை எழுப்புங்கள்